ஷட்டர் கனக்கிறதா? அன்றே நிறுத்துங்கள்: மலையூர் வண்டிப் பட்டறைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர் பக்கம் ஜீப், பிக்கப் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை என்னுடையது. பத்தடி அகலம், பத்தடி உயரத்தில் ஒரே ஒரு இரும்பு ஷட்டர். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் காலை, என்னிடம் வேலை பார்த்த தம்பி ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, “அண்ணே, நாலு நாளா ரொம்பக் கனக்குதுண்ணே” என்றான். “பனிக்கு கிரீஸ் இறுகியிருக்கும்டா, வெயில் வந்தா சரியாயிடும்” என்றேன். அன்று மதியம், பாதி இறக்கி வைத்திருந்த அதே ஷட்டருக்கு அடியில் அவன் குனிந்து வெளியே வரும்போது அது இறங்கியது. தலை தப்பியது, தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் அவனால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை.

பிறகு ஷட்டர்காரர் வந்து மேல் மூடியைக் கழற்றிக் காட்டினார். நான்கு ஸ்பிரிங்கில் இரண்டு உடைந்திருந்தன. ஒன்றின் முறிவு பளபளவென்று புதிதாக இருந்தது. இன்னொன்றின் முறிவில் துரு ஏறியிருந்தது. தம்பி சொன்ன அந்த நாலு நாளும் மூன்று ஸ்பிரிங்தான் மொத்தக் கனத்தையும் தாங்கியிருக்கிறது. ஷட்டர் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான், நான்தான் கேட்கவில்லை.

ஷட்டர் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் விழும். அது என்னென்ன விதமாகச் சொல்லும், அப்போது என்ன பார்க்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் ஷட்டரில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் மூன்று பத்திகளை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

கையால் தூக்கும் ஷட்டரில் மேலே குறுக்காக ஒரு பைப் இருக்கும். இரண்டு முனையும் சுவரிலுள்ள பிராக்கெட்டில் யூ கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அந்த பைப் சுற்றாது, சுற்றவும் கூடாது. அதன்மேல் சுற்றுபவை வீல்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒரு முனை பைப்பில், மறுமுனை வீலில். தகடுப் பட்டைகளின் உச்சிப் பட்டை வீலோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும், தூக்கும்போது அந்த முறுக்கு உங்களுக்குக் கை கொடுக்கும். அதாவது தினமும் காலையில் கனத்தில் பெரும்பங்கைத் தூக்குவது ஸ்பிரிங், நீங்கள் மிச்சத்தை மட்டும்தான் தூக்குகிறீர்கள்.

மொத்தக் கனம் எவ்வளவு தெரியுமா? 1.25 மில்லிமீட்டர் இரும்புத் தகடு தட்டையாக இருந்தாலே சதுர மீட்டருக்கு சுமார் 9.8 கிலோ. பட்டைகளின் வளைவும் கொக்கி மடிப்பும் சேர்ந்தால் 12 கிலோவுக்குக் குறையாது. பத்துக்குப் பத்தடி என்பது 9.3 சதுர மீட்டர். ஆக, 110 கிலோவுக்கு மேல், அடிப்பட்டை தனி. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எதுவும் தடுக்காமல் விழுந்தால் தரையைத் தொட முக்கால் விநாடி கூட ஆகாது. சத்தம் கேட்டு விலகிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்பிரிங், பைப், யூ கிளாம்ப் மூன்றையும் நீங்கள் கழற்றக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கும் கைக்கு இது சின்ன வேலையாகத்தான் தெரியும். ஆனால் முறுக்கேறிய ஸ்பிரிங்கோடு கிளாம்ப் நட்டைத் தளர்த்தினால் பைப் திரும்பி, கையிலிருக்கும் ஸ்பேனரை முகத்தில் அடித்துவிடும். முறுக்கை இறக்கத் தெரிந்த ஷட்டர்காரர்தான் அதைத் தொட வேண்டும்.

அறிகுறி: வழக்கத்தைவிடக் கனக்கிறது

நம் ஊரில் இதற்கு உடனே கிடைக்கும் பதில் ‘குளிர்’. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் காலைகளில் கிரீஸ் நிஜமாகவே இறுகும். அடிப்பட்டையைத் தொட்டால் விரல் மரத்துப்போய், தூக்குகிற கனமே சரியாகப் புரியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இறக்கிப் பாருங்கள். கிரீஸ் இறுகியதாலோ, இரு ஓரத்திலும் பட்டைகள் ஏறி இறங்கும் சேனலில் துரு ஏறியதாலோ கனத்த ஷட்டர், ஏறும்போது இறுக்கமாக இருக்கும், இறங்கும்போதும் இறுக்கமாகவே இருக்கும், இழுத்துத்தான் இறக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் போன ஷட்டர் அப்படியில்லை. ஏற மறுக்கும், இறங்கும்போது கையை மீறி ஓடும். ஏறக் கனம், இறங்க வேகம் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது பனியில்லை. அந்த டிசம்பரில் இந்த ஒன்று தெரிந்திருந்தால் தம்பியின் தோள் தப்பியிருக்கும்.

சோதிக்கும்போது அடிப்பட்டைக்கு நேர் கீழே காலோ தலையோ இருக்கக் கூடாது. வண்டிக்கு வைக்கும் ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டை சேனலுக்குப் பக்கத்தில் இரு ஓரத்திலும் வையுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஸ்டாண்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, பிடியை மெல்லத் தளர்த்துங்கள். நின்றாலோ மெதுவாகத் தவழ்ந்தாலோ அது வேறு விஷயம். பொத்தென்று ஸ்டாண்டில் உட்கார்ந்தால் அன்றைக்கு அந்த ஷட்டருக்கு வேலை முடிந்தது. இறக்கிப் பூட்டிவிட்டு ஷட்டர்காரருக்குப் போன் போடுங்கள். ‘இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரா தூக்கிக்கலாம்’ என்று சமாளிக்க வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஏறிவிடும், ஆனால் ஏறிய பிறகு அதை யாரும் பிடித்துக்கொண்டு நிற்கப் போவதில்லை.

வாங்கிய நாளிலிருந்தே கனம் என்றால் ஷட்டரின் அளவே தப்பாக இருக்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் 10 சதுர மீட்டரைத் தாண்டும் ஷட்டர்களுக்கு செயின், கிராங்க் ஏற்பாட்டைத் தனி இனமாகவே சேர்த்திருக்கிறார்கள். லாரி நுழைகிற 12 அடி அகல வாசலுக்குக் கைத்தூக்கு ஷட்டர் போட்டுக் கொடுத்திருந்தால், அதை செயினுக்கு மாற்றக் கேளுங்கள்.

அறிகுறி: பாதியில் நிறுத்தினால் நிற்காமல் மெல்ல இறங்குகிறது

மலையில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். கோயம்புத்தூரில் பட்டறை ஷட்டர் காலையில் முழுசாக ஏறினால் ராத்திரிதான் இறங்கும். இங்கே அப்படியில்லை. ஜூன், ஜூலையில் கூடலூர், ஊட்டிப் பக்கம் சாரலும் காற்றும் உள்ளே அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரியில் மழை. நடுவில் மூடுபனி. அதனால் ஷட்டரை நெஞ்சளவுக்கு இறக்கி வைத்துவிட்டு, நாள் முழுக்கக் குனிந்து குனிந்து போய்வருகிறோம். டீ வாங்க, பார்ட்ஸ் எடுக்க, போன் சிக்னலுக்கு என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதற்கடியில் தலையைக் கொடுக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

பாதியில் நிற்கும் ஷட்டரைப் பூட்டு எதுவும் பிடித்திருக்கவில்லை. ஸ்பிரிங்கின் முறுக்கும் சேனலின் உரசலும் தொங்கும் கனத்துக்குச் சரியாக இருக்கும் வரை நிற்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் வருடா வருடம் கொஞ்சம் சோர்ந்துபோகும். யாராவது சேனலுக்கு எண்ணெய் விட்டால் உரசலும் குறையும். முந்தாநாள் வரை நின்ற ஷட்டர், எண்ணெய் விட்ட மறுநாள் இறங்கும்.

மெல்லத் தவழ்ந்தால் ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏற்ற வேண்டிய நேரம். அதை ஷட்டர்காரர் செய்யட்டும். ஆனால் ஷட்டர் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை ஷட்டரில் வேலை பார்க்கும் எல்லாப் பட்டறையும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பின். இரண்டு பக்க சேனலிலும், நீங்கள் வழக்கமாக நிறுத்தும் உயரத்தில், அடிப்பட்டைக்குச் சற்றுக் கீழே நேர்மட்டமாகத் துளை போட்டு, 16 மில்லிமீட்டர் கம்பியில் பக்கத்துக்கு ஒரு பின் செய்து சொருகுங்கள். அடிப்பட்டை பின்மேல் உட்கார வேண்டும். அரையடி இடைவெளி விட்டால், விழுகிற வேகத்தில் பின் வளைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஷட்டர் கோணிக்கொள்ளும். பின்னைச் சின்னச் சங்கிலியில் சேனலோடு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் யாராவது அதை ‘பஞ்ச்’ உளியாக வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார்கள். முழுசாகத் தூக்கிய நிலைக்கும் இதேபோல ஒரு ஜோடித் துளை போட்டுவிட்டால் நல்லது.

ஷட்டரை இறக்கிவிட்டுக் குளிருக்காக உள்ளே எஞ்சினை ஓடவிடும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளையே எடுத்துவிடும். எஞ்சின் ஓடினால் ஷட்டர் முழுசாகத் திறந்திருக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறது

முதலில் எப்போது ஆரம்பித்தது என்று யோசியுங்கள். நேற்று நேராக ஏறியது, இன்று சாய்கிறது என்றால் பின்தங்கும் பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்னபடி இறக்கிப் பூட்டுங்கள்.

வாரக்கணக்கில் சாய்வு கூடிக்கொண்டே வந்திருந்தால், பட்டைகளின் ஓரங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையின் முனையிலும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு இரும்புக் கட்டை ரிவிட் அடித்திருக்கும். அது விழுந்துவிட்டால் பட்டை ஒரு பக்கமாக நழுவி, மறுபக்கம் சேனலை விட்டு வெளியே வரும். சேனலுக்குள் பட்டையின் முனை ஒரு விரல் அளவாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை வெளியே எட்டிப் பார்த்தால், பலமாகக் காற்றடிக்கும் ஒரு நாளில் ஷட்டர் உள்பக்கமாகவே சாய்ந்து வந்துவிடும்.

பட்டையிலும் குறையில்லை என்றால் சுவரைச் சந்தேகப்படுங்கள். நம் பட்டறைகள் பலவும், ஒரு பக்கம் மண்ணை வெட்டியும் மறுபக்கம் மண்ணைக் கொட்டியும் சமன் செய்த இடத்தில் நிற்கின்றன. கொட்டிய பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உட்காரும். தூண் கால் அங்குலம் சாய்ந்தால் போதும், இரண்டு சேனலுக்கும் இடையிலுள்ள தூரம் மேலே ஒன்று, கீழே ஒன்று ஆகிவிடும். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து, இரண்டு சேனலுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். அளவு மாறினால் ஷட்டர்காரரோடு கொத்தனாரையும் கூப்பிட வேண்டும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மண் நகர்வதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: மேலே ‘டமார்’ என்று ஒரு சத்தம்

ஆள் இல்லாதபோதுகூடக் கேட்கும். மேலே ஷட்டர் சுருண்டிருக்கும் பெட்டிக்குள் யாரோ சுத்தியலால் அடித்தது போல ஒரே ஒரு சத்தம். அது ஸ்பிரிங் உடைந்த சத்தமாக இருக்கலாம், பைப் கிளாம்ப்பில் வழுக்கித் திரும்பிய சத்தமாகவும் இருக்கலாம். இரண்டாவது மோசமானது. பைப் முழுசாகத் திரும்பினால் ஒரே நேரத்தில் எல்லா ஸ்பிரிங்கின் முறுக்கும் போய்விடும்.

ஷட்டர் எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டுவிடுங்கள். கீழே இருந்தால் தொடாதீர்கள். உள்ளே ஆள் இருந்தால் பக்கவாட்டுக் கதவு, ஜன்னல் எதுவானாலும் பார்த்து அந்த வழியாக வரட்டும். ஷட்டர் மேலே இருந்தால் இரு பக்கமும் பின் போடுங்கள். பின் இல்லையென்றால் யாரும் நெருங்காமல், வாசலின் இரு பக்கமும் நாலடி தள்ளிக் கயிறு கட்டி, ஆள் வரும்வரை ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். உள்ளே நிற்கும் வண்டியை எடுக்கக் கஸ்டமர் அவசரப்படுத்துவார். அவருக்குச் சொல்லிப் புரியவையுங்கள்.

அறிகுறி: பிராக்கெட்டுக்குக் கீழே சிமெண்ட் தூள்

காலையில் கூட்டும்போது வாசலின் ஒரே மூலையில் தினமும் வெள்ளைத் தூள் கிடந்தால் நிமிர்ந்து பாருங்கள். பிராக்கெட் போல்ட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஓடும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் அடித்திருந்தால் இது நடக்கும். போல்ட்டைத் திருகி இறுக்கினால் துளைதான் பெரிதாகும். பிராக்கெட் கான்கிரீட் தூணிலோ லிண்டலிலோ உட்கார வேண்டும், அல்லது சுவரின் மறுபக்கம் வரை போல்ட் ஊடுருவிப் போய் அங்கே ஒரு தகடு வைத்து இறுக்க வேண்டும். அதுவரை ஷட்டரை இயக்க வேண்டாம். இதில் ஸ்பிரிங், பைப், தகடு எல்லாம் மொத்தமாகக் கீழே வரும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு நடுவில் சிக்கிக்கொள்கிறது

சேனலின் அடியில் மண்ணும் இலையும், கீழ்ப்பட்டைகளில் துருவும். காரணம் சாதாரணமானதுதான், ஆபத்து அதை விடுவிக்கும் விதத்தில் இருக்கிறது. இறக்கும்போது சிக்கினால் நாம் பலமாகப் பிடித்து இழுப்போம், சில பேர் அடிப்பட்டையில் தொங்கியே பார்ப்பார்கள். அப்போது மேலே சுருள் தளர்ந்து, பட்டைகள் பெட்டிக்குள் தொய்ந்து நிற்கும். சிக்கல் விடுபட்டதும் அந்தத் தொய்வு முழுக்க ஒரே வீச்சில் இறங்கும். சிக்கினால் இழுக்காதீர்கள், மெல்ல மேலே ஏற்றி மறுபடி இறக்கிப் பாருங்கள். ஏறவும் மறுத்தால் இரு ஓரத்திலும் முட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு சேனலைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கடப்பாரையும் ஜாக்கியும் போட்டு நெம்பினால் பட்டையின் கொக்கி மடிப்பு விரிந்துவிடும்.

வேஸ்ட் ஆயிலை சேனலில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தூசியையும் இரும்புத் துகளையும் சேர்த்துப் பசையாக்கிவிடும். துணியால் துடைத்துவிட்டு லேசாக கிரீஸ் தடவினால் போதும். பட்டைகளின் இடுக்கில் விரலை விட்டு இழுப்பதும் வேண்டாம், பட்டை திரும்பும்போது இடுக்கு மூடிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடியுங்கள், எட்டவில்லை என்றால் கொக்கிக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வண்டி இடித்துவிட்டது

ரிவர்ஸில் வந்த வண்டியின் கேரியர் தட்டியது, லேசாகத்தான் வளைந்தது என்று விடாதீர்கள். அடிப்பட்டை வளைந்தால் இரு முனையும் சேனலிலிருந்து உள்ளே இழுபடும். தட்டி நிமிர்த்தியபின் சேனல் ஆழத்தை மறுபடி பாருங்கள். உச்சிப் பட்டையின் போல்ட்டையும் ஷட்டர்காரர் ஒருமுறை பார்க்கட்டும்.

மோட்டார் ஷட்டர்

சுவிட்சை விட்ட பிறகும் ஒரு சாண் வழுக்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும்போது கைச்சங்கிலியால் இயக்குகிறோம், அப்போது பிரேக் விடுவிக்கும் கயிறு எது, சங்கிலி எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தப்பான கயிற்றை இழுத்தால் ஷட்டர் நேராக இறங்கும். விழுகையைத் தடுக்கும் தனிப் பூட்டு பைப்பின் முனையில் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

விழுந்தே விட்டால்

கத்திக்கொண்டு ஒரு பக்கமாகத் தூக்காதீர்கள், மறுபக்கம் இன்னும் அழுத்தும். பட்டறையில் ஜாக்கி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துச் சமமாக ஏற்றி, ஏற ஏற கட்டை முட்டுக் கொடுத்து, பிறகு ஆளை வெளியே எடுங்கள். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். தலையிலோ கழுத்திலோ முதுகிலோ பட்டிருந்தால் உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு படுத்த நிலையிலேயே விடுங்கள். குளிரில் தரை சில்லென்றிருக்கும், கம்பளி போர்த்துங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எண்ணெய்த் துணி வேண்டாம்.

விரல் துண்டாகியிருந்தால், துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வையுங்கள். ஐஸ் விரலில் நேராகப் படக் கூடாது. ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் போகச் சொன்னால், குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி இறங்க வேண்டும். நேரம் போகும் என்பதை மனதில் வைத்து, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று 108 ஆட்களிடமே முதலில் கேட்டுவிடுங்கள்.

வேலை செய்யும்போது ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு தருவது முதலாளியின் சட்டக் கடமை. இந்த நாட்டில் 1923-ல் வந்த சட்டத்திலிருந்தே அது இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. பதிவையும் பாருங்கள். ‘தானா விழுந்தது, அவன்தான் கவனிக்கலை’ என்று எழுதி வாங்காதீர்கள். தம்பியின் சம்பளத்தை நான் மூன்று மாதமும் கொடுத்தேன், கொடுக்க வேண்டியதுதான்.

ஷட்டர்காரரைக் கூப்பிடும்போது

நமக்கு ஆள் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஏறி வர வேண்டும். அளவு தெரியாமல் வந்தால் ஸ்பிரிங் பொருந்தாமல் திரும்பிப் போய், அந்த இரண்டு நாளும் கெட்ட ஷட்டரோடு பட்டறை நடக்கும். அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: அகலம், உயரம், தகட்டின் தடிமன், எத்தனை ஸ்பிரிங், எந்தப் பக்கம் சாய்கிறது, கடைசியாக எப்போது மாற்றியது. ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், மிச்சமுள்ளவையும் அதே வயதுதான். மாற்றிய தேதியையும் ஸ்பிரிங் எண்ணிக்கையையும் சேனலுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். என் பட்டறையில் அந்தத் தேதியைத் தம்பிதான் எழுதினான், குணமான அந்தக் கையாலேயே.